ஏழாம் படிக்காரருக்குச் சவால்!

சனிக்கிழமை மாலை. இங்கிலாந்தில் சின்ன ஊர் ஒன்றின் டென்னிஸ் கிளப். வெள்ளை உடுப்பு அணிந்த நாலைந்து பேர் வியர்வையைத் துடைத்தபடி ஆடுகளத்திலிருந்து வருகிறார்கள். உள்ளே தேநீர் தயாராக இருக்கிறது. ஆனால் யாரும் நேரே தேநீருக்குப் போவதில்லை. தாழ்வாரத்துச் சுவர் அருகே ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். ஒரு பார்வை பார்க்கிறார்கள். பிறகுதான் தேநீர்.

அந்தச் சுவரில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு மரப்பலகை. அதில் மேலிருந்து கீழாக இருபது கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சின்ன அட்டை. அட்டையில் ஒரு பெயர். உச்சிக் கொக்கியில் தொங்குகிறவர் கிளப்பின் முதல் ஆட்டக்காரர். கடைசிக் கொக்கியில் தொங்குகிறவர் நேற்றுச் சேர்ந்த புதுப் பையனாக இருக்கலாம். ஒரு காலத்தில் உச்சியில் இருந்து இறங்கி இறங்கி அங்கே வந்து சேர்ந்த பெரியவராகவும் இருக்கலாம். அட்டை ஒன்றும் சொல்லாது. பெயரை மட்டும் காட்டும்.

இந்தப் பலகைக்கு 'ஏணி' என்று பெயர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டென்னிஸ் கிளப்புகளில் மிகப் பழக்கமான சாதனம் இது. இப்போது பல இடங்களில் பலகையைக் கழற்றிவிட்டார்கள். அட்டைகள் எல்லாம் செல்போன் திரைக்குள் போய்விட்டன. ஆனால் ஏணி அதே ஏணிதான். அதன்மேல் நடக்கும் சண்டையும் அதே சண்டைதான்.

நம் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவு பரமபத சோபான படம் ஆடுவார்கள் அல்லவா? அதில் ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் இஷ்டம். டென்னிஸ் ஏணியில் தாயக்கட்டை கிடையாது. பாம்பு மட்டும் உண்டு. நமக்குக் கீழே நிற்கும் ஆள்தான் பாம்பு!

சவால் விடுவது எப்படி?

சட்டம் கேட்பதற்குச் சுலபமானது. பத்தாம் படியில் இருப்பவர் தமக்கு மேலே உள்ள ஒருவரை ஆட்டத்துக்கு அழைக்கலாம். ஆனால் நேரே முதல் படிக்காரரை அழைக்க முடியாது. இரண்டு படி அல்லது மூன்று படிக்குள் இருக்கவேண்டும். மூன்று படி என்று வைத்துக்கொண்டால் பத்தாமவர் ஒன்பது, எட்டு, ஏழு ஆகிய மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆசை உள்ளவர் ஏழாம் படிக்காரரைத்தான் அழைப்பார்.

அழைப்பு வந்தபின் ஏழாமவர் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்துக்குள் ஆடியாக வேண்டும். பத்தாமவர் தோற்றால் ஒரு மாற்றமும் இல்லை. தம் கொக்கிக்குத் திரும்பிப் போய்விட வேண்டியதுதான். ஜயித்தால்?

இங்கேதான் கிளப்புக்குக் கிளப் வித்தியாசம். சில கிளப்புகளில் இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். பத்தாமவர் ஏழுக்கு வருவார். ஏழாமவர் பத்துக்குப் போவார். ஒரே மாலையில் மூன்று படி சறுக்கல்! வேறு சில கிளப்புகளில் ஜயித்தவர் ஏழாம் படியில் ஏறிக்கொள்ள, ஏழு எட்டாகும், எட்டு ஒன்பதாகும், ஒன்பது பத்தாகும். தோற்றவருக்கு ஒரு படிதான் நஷ்டம். ஆனால் எட்டாமவரும் ஒன்பதாமவரும் என்ன பாவம் செய்தார்கள்? வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் வந்து பார்த்தால் ஒரு படி கீழே தொங்குகிறார்கள். 'நான் யாரிடம் தோற்றேன்?' என்று காரியதரிசியைக் கேட்பார்கள். கேட்பது நியாயம்தானே?

முதல் முறை தோற்றவருக்குக் கொடுமை. இரண்டாவது முறை ஆடாதவருக்குக் கொடுமை. இரண்டிலும் நியாயமான முறை எது என்று கிளப் கமிட்டிகள் இன்றைக்கும் கூடிப் பேசிக்கொண்டிருக்கின்றன. பொதுவாக, ஆடாதவரைவிட ஆடித் தோற்றவரிடம் இரக்கம் காட்டும் இரண்டாவது முறையே நல்லது என்று சொல்லலாம். ஆட வந்தவரைத் தண்டித்தால் அப்புறம் யார் ஆட வருவார்கள்?

ஒரு சின்னக் கணக்கு

ஏணியில் முதன்முதலாகப் பெயர்களை எப்படித் தொங்கவிடுவது? சென்ற வருஷத்து வரிசைப்படி தொங்கவிடலாம். சீட்டுக் குலுக்கலாம். கமிட்டியே உத்தேசமாக வரிசை போடலாம். எப்படிப் போட்டாலும் நாளடைவில் சரியாகிவிடும், வல்லவன் மேலே போய்விடுவான் என்பது நம்பிக்கை.

ஆனால் எத்தனை நாளில்?

கிளப்பிலேயே சிறந்த ஆட்டக்காரன் ஒருவன் புதிதாக வந்து இருபதாம் படியில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மூன்று படியாகத்தான் தாவலாம். இருபதிலிருந்து பதினேழு, பதினாலு, பதினொன்று, எட்டு, ஐந்து, இரண்டு, பிறகு ஒன்று. ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 7 ஆட்டம் ஜயிக்கவேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு வாரம் என்றால் 14 வாரம். இங்கிலாந்தில் புல்தரையில் ஆடுவது கோடையில் மட்டும்தான். அதில் ஒவ்வொரு வாரமும் மழை வேறு வந்து தொலைக்கும். அவன் உச்சிக்குப் போவதற்குள் கோடையே முடிந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

இதற்காகவே புது அங்கத்தினருக்குச் சில கிளப்புகள் ஒரு சலுகை தருகின்றன. சேர்ந்தவுடன் ஒரே ஒரு தடவை, ஏணியில் யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம். ஜயித்தால் அந்தப் படி அவருடையது. தோற்றால் அடியிலிருந்துதான் தொடங்கவேண்டும். தன் பலத்தைத் தானே சரியாக எடை போடத் தெரிந்தவனுக்கு இது நல்ல சலுகை. அப்படித் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மூட்டு வலியும் மாமியாரும்

இனித்தான் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிறது.

ஏழாம் படிக்காரரின் மனசை எண்ணிப் பாருங்கள். கீழே இருப்பவர் அழைக்கிறார். ஆடி ஜயித்தால் அவருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. ஏழாம் படியிலேயே இருப்பார். தோற்றால்? படி போய்விடும். லாபமே இல்லாத, நஷ்டம் மட்டுமே உள்ள வியாபாரத்துக்கு யார் ஆசையோடு கடை திறப்பார்கள்?

ஆகவே ஏழாமவர் கடையை மூடுகிறார். இந்த வாரம் ஆபீஸில் வேலை அதிகம். அடுத்த வாரம் மூட்டு வலி. அதற்கடுத்த வாரம் மாமியார் வந்திருக்கிறார். பிறகு மழை. மழை நின்றால் ஆடுகளம் காலி இல்லை. இப்படியே கோடை ஓடிவிடும். ஏழாம் படி பத்திரமாக இருக்கும்.

உச்சியில் இருப்பவரின் நிலைமை இதைவிட விசேஷம். ஏழாமவருக்காவது மேலே ஆறு பேர் இருக்கிறார்கள். ஏறவேண்டும் என்ற ஆசை இருந்தால் அவரும் மட்டையை எடுத்துத்தான் ஆகவேண்டும். முதல் படிக்காரருக்கு அழைப்பதற்கு ஆளே இல்லை. அவருக்கு வரும் ஒவ்வொரு ஆட்டமும் நஷ்டத்துக்கான ஆட்டம்தான். ஆடாமல் இருக்கும்வரை அவர்தான் ராஜா.

ஏணியின் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் இது புரியும். கீழே இருப்பவன் ஏறுவதற்கான சட்டம் ஒரே வரிதான். மீதிச் சட்டம் எல்லாம் மேலே இருப்பவரை ஆடுகளத்துக்கு இழுத்துவருவதற்காகவே எழுதப்பட்டவை.

அழைப்பு வந்தால் ஆடுவதற்கு வசதியான நாட்களை இவரே எழுதிக் கொடுக்கவேண்டும். குறித்த கெடுவுக்குள் ஆடாவிட்டால் தோற்றதாகவே வைத்துக்கொள்ளப்படும். ஒரு மாதம் யாரோடும் ஆடாதவரின் அட்டை தானாகவே ஒரு படி இறங்கும். உண்மையிலேயே காயம் பட்டவரின் அட்டையில் ஓர் அடையாளம் வைப்பார்கள். அதுவரை அவரை யாரும் அழைக்கக் கூடாது. ஆனால் அதற்கும் சில வாரங்கள்தான் கெடு. கெடு தாண்டினால் காயம் ஆறாவிட்டாலும் அட்டை ஏணியை விட்டு இறங்கிவிடும்.

அதே சமயம் மேலே இருப்பவரை ஒரேயடியாக வாட்டவும் கூடாது. ஒரு தடவை அழைத்துத் தோற்றவன் மறுநாளே திரும்பவும் அழைக்கலாம் என்றால் ஏழாமவர் பிழைப்பது எப்படி? ஆகவே தோற்றவன் அதே ஆளை மறுபடி அழைக்க இரண்டு வாரமாவது பொறுக்கவேண்டும். படியைக் காப்பாற்றிக்கொண்டவருக்குச் சில நாள் ஓய்வு உண்டு. அல்லது அடுத்தபடி தமக்கு மேலே இருப்பவரை அழைக்கும் உரிமை அவருக்கு முதலில் கிடைக்கும்.

இவ்வளவு சட்டத்தையும் அமல் நடத்துவது யார்? சம்பளம் வாங்காத ஒரு காரியதரிசி! பெரும்பாலும் அவரும் ஏணியில் ஏதாவதொரு படியில் தொங்குகிறவர்தான். பன்னிரண்டாம் படியில் இருக்கும் காரியதரிசி ஒன்பதாம் படிக்காரருக்குக் 'கெடு முடிந்துவிட்டது' என்று எழுதினால், அவர் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள மாட்டாரா?

நடுவர் இல்லாத ஆட்டம்

ஏணி ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. கோட்டுக்கு வெளியே விழுந்ததா உள்ளே விழுந்ததா என்பதை, பந்து யார் பக்கம் விழுந்ததோ அவரே சொல்லவேண்டும். சந்தேகம் இருந்தால் அந்தச் சந்தேகத்தின் பலன் எதிராளிக்கே. இதுதான் டென்னிஸ் உலகம் முழுவதும் உள்ள மரபு.

சாதாரண நாளில் இதில் தொந்தரவு இல்லை. ஆனால் மூன்றாவது செட்டில், ஏழாம் படி கைநழுவிப் போகும் சமயத்தில், கோட்டின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு பந்து விழுகிறது. பார்த்தது இரண்டே கண்கள். 'அவுட்' என்று சொல்லிவிட்டால் கேட்பாரில்லை. ஆனால் எதிரே நிற்பவர் நாளைக்கும் இதே கிளப்புக்கு வருவார். தேநீர் மேஜையில் எதிர் நாற்காலியில் உட்காருவார். ஒரு படிக்காக அவர் முகத்தை வருஷம் முழுவதும் பார்க்க முடியாமல் போகவேண்டுமா? நடுவர் செய்யும் வேலையை இங்கே அந்த எதிர் நாற்காலி செய்கிறது.

பந்து விஷயத்திலும் ஒரு வேடிக்கையான பழக்கம் அமெரிக்காவில் உண்டு. இருவரும் ஆளுக்கொரு புது டப்பா பந்து கொண்டுவருவார்கள். ஒரு டப்பாவை மட்டும் திறந்து ஆடுவார்கள். ஜயித்தவருக்குத் திறக்காத டப்பா. தோற்றவருக்கு அடிபட்ட பழைய பந்துகள். படியும் போய், புதுப் பந்தும் போய்!

ஏழாமவன் கைதட்டுவான்

வயதானவர்கள் பொழுதுபோக்குக்காக ஆடும் கிளப்பில் ஒரு படி போனால் கௌரவம்தான் போகும். அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படியல்ல.

அங்கே இரண்டு கல்லூரிகள் மோதும்போது ஆறு ஒற்றையர் ஆட்டம் நடக்கும். ஆறு பேரும் பலத்தின் வரிசைப்படி நிற்கவேண்டும். இவர்களின் முதல்வன் அவர்களின் முதல்வனோடு, இரண்டாமவன் இரண்டாமவனோடு. தந்திரமாக வரிசையை மாற்றி, பலவீனமான ஆளை முதல் இடத்தில் பலிகொடுத்துவிட்டு மற்ற இடங்களில் ஜயித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்த விதி. அப்படியானால் ஒரே கல்லூரிக்குள் யார் பலசாலி என்று எப்படித் தெரியும்? பயிற்சியாளர் தம் அபிப்பிராயப்படி சொல்லலாம். அல்லது பையன்களையே மோதவிடலாம். பல பயிற்சியாளர்கள் மோதத்தான் விடுகிறார்கள். அதுவும் ஏணிதான்.

அந்த ஏணியில் ஆறாம் படிக்கும் ஏழாம் படிக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஆறாமவன் ஒற்றையர் ஆட்டத்தில் இறங்குவான். ஏழாமவன் மட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று கைதட்டுவான். இரண்டு பேரும் ஒரே விடுதியில் தங்குகிறவர்கள். ஒரே பஸ்ஸில் பிரயாணம் செய்கிறவர்கள். ஆறாம் படிக்காக அவர்கள் இருவரும் ஆடும் நாளில் மற்றவர்கள் யாருக்காகக் கைதட்டுவது என்று தெரியாமல் சும்மா நிற்பார்கள்.

விம்பிள்டனிலும் ஏணி!

மேலே இருப்பவர் உட்கார்ந்திருப்பார், கீழே இருப்பவர் வந்து மோதவேண்டும் என்ற இந்த முறை ஊர் கிளப்புகளோடு நின்றதல்ல. உலகத்திலேயே பேர்போன டென்னிஸ் கிளப்பான விம்பிள்டனிலும் 40 வருஷத்துக்கு மேல் இதே கதைதான் நடந்தது.

1877-ல் முதல் விம்பிள்டன் போட்டி. ஸ்பென்சர் கோர் என்பவர் சாம்பியன் ஆனார். அடுத்த வருஷம் ஒரு விதி வந்தது. பழைய சாம்பியன் மற்றவர்களோடு மோதிக்கொண்டு வரவேண்டியதில்லை. மற்றவர்கள் எல்லாரும் தங்களுக்குள் மோதி, மிஞ்சும் ஒரே ஆள் வந்து சாம்பியனை எதிர்க்கவேண்டும். அந்த ஒரு ஆட்டத்துக்குச் 'சவால் சுற்று' என்று பெயர்.

1878-ல் கோருக்குச் சவால் விட வந்தவர் இலங்கையில் தோட்டத் துரையாக இருந்த பிராங்க் ஹேடோ. விடுமுறையில் ஊருக்கு வந்த இடத்தில் போட்டியில் சேர்ந்தவர். கோர் வலைக்கு அருகே ஓடிவந்து, பந்து தரையில் விழுமுன்பே அடித்து நொறுக்குகிறவர். ஹேடோ பார்த்தார். பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கி அடித்துப் பின்னால் விழச்செய்தார். கோர் முன்னும் பின்னும் ஓடி அலுத்தார். சாம்பியன் பட்டம் ஹேடோவுக்கு.

அடுத்த வருஷம் ஹேடோவுக்குச் சவால் விடவேண்டும். ஆள் எங்கே? வரவே இல்லை! 1879-ல் மற்றவர்களை ஜயித்து வந்த ஜான் ஹார்ட்லி, சவால் சுற்று ஆடாமலே சாம்பியன் ஆனார். கெடு தாண்டினால் படி போய்விடும் என்ற கிளப் சட்டம் விம்பிள்டன் உச்சியிலேயே அமலான கதை இது.

பிறகு வில்லியம் ரென்ஷா வந்தார். 1881 முதல் 1886 வரை தொடர்ந்து ஆறு வருஷம் அவரே சாம்பியன். கேட்கப் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் அதில் கடைசி ஐந்து வருஷமும் பட்டத்தைக் காக்க வருஷத்துக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் அவர் ஆடவேண்டியிருந்தது. ரென்ஷா வல்லவர் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் இக்காலத்து சாம்பியன் ஏழு பேரை ஜயித்துத்தான் பட்டம் வாங்குகிறார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

நாற்பதும் இருபதும்

சவால் சுற்றின் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால், டென்னிஸ் சரித்திரம் தெரிந்தவர்கள் 1919-ம் வருஷத்தைச் சொல்வார்கள்.

டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ் பாதிரியார் வீட்டுப் பெண். இரண்டு குழந்தைகளின் தாய். ஏழு தடவை விம்பிள்டன் பட்டம் வாங்கியவர். கடைசியாக 1914-ல் ஜயித்தார். உடனே யுத்தம் வந்தது. நாலு வருஷம் போட்டியே இல்லை. யுத்தம் முடிந்து 1919-ல் திரும்பவும் விம்பிள்டன் தொடங்கியபோது பழைய சாம்பியன் அவர்தான். வயது 40. ஏணி உச்சியில் அவர் அட்டை ஐந்து வருஷமாக அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

எதிரே வந்தவள் பிரான்ஸ் தேசத்துப் பெண் சுசான் லெங்லென். வயது 20. மற்ற எல்லாரையும் ஜயித்துவிட்டு வந்திருந்தாள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் பார்க்க வந்திருந்தார்கள். சேம்பர்ஸ் பழைய பாணியில் நீண்ட பாவாடை அணிந்திருந்தார். லெங்லென் கெண்டைக்கால் தெரியும் உடையில் துள்ளினாள். களைப்பு மேலிட்டபோது இடையிடையே பிராந்தி வாங்கிக் குடித்தாள்.

முதல் செட் லெங்லெனுக்கு, 10-8. இரண்டாவது சேம்பர்ஸுக்கு, 6-4. மூன்றாவது செட்டில் சேம்பர்ஸ் 6-5 என்று முன்னேறினார். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் எட்டாவது பட்டம். அந்த ஒரு புள்ளிக்கு இரண்டு சந்தர்ப்பம் கிடைத்தது. இரண்டும் நழுவின. 9-7 என்று லெங்லென் ஜயித்துவிட்டாள்.

ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தது சேம்பர்ஸுக்கு லாபமா, நஷ்டமா? அன்று அவர் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடவேண்டியிருந்தது, அது லாபம். ஆனால் கை பழகுவதற்கு வேறு ஆட்டம் இல்லை; அது நஷ்டம். 1921-ல் அமெரிக்க வீரர் பில் டில்டனுக்கும் இதே அனுபவம். நோயிலிருந்து எழுந்துவந்து, உச்சியிலிருந்து நேரே சவால் சுற்றில் இறங்கி, முதல் இரண்டு செட்டையும் தென்னாப்பிரிக்காவின் பிரையன் நார்ட்டனிடம் தோற்றார். பிறகு எப்படியோ தப்பிப் பிழைத்து ஐந்தாவது செட்டில் ஜயித்தார்.

சேம்பர்ஸ் கதை 1919-ல் முடிந்துவிடவில்லை. அதுதான் அழகு. பட்டம் போனபிறகு அவர் வீட்டில் உட்காரவில்லை. அடுத்த வருஷம், 41 வயதில், சாதாரண ஆட்டக்காரர்களோடு ஒருவராக அடிப்படியிலிருந்து ஏறிவந்தார். ஒவ்வொருவராக ஜயித்துச் சவால் சுற்றுக்கே வந்து நின்றார். இந்தத் தடவை உச்சியில் காத்திருந்தவள் லெங்லென். 6-3, 6-0 என்று லெங்லென் சுலபமாக ஜயித்தாள். ஆனால் நாற்பதைத் தாண்டிய ஒருவர் ஏணியின் அடியிலிருந்து அவ்வளவு தூரம் ஏறிவந்ததை 6-0 என்ற எண்ணால் அழித்துவிட முடியுமா?

1922-ல் விம்பிள்டன் சவால் சுற்றை ஒழித்துவிட்டது. சாம்பியனும் எல்லாரோடும் சேர்ந்து முதல் சுற்றிலிருந்தே ஆடவேண்டும் என்றாகிவிட்டது.

தேசங்களுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பையில் மட்டும் அது இன்னும் 50 வருஷம் உயிரோடிருந்தது. அதன் பலனை நம்மவர்களும் அனுபவித்திருக்கிறார்கள். 1966-ல் கல்கத்தாவில் பிரேஸில் நாட்டோடு இந்தியா மோதியபோது கடைசி ஆட்டத்தில் ராமநாதன் கிருஷ்ணன் தாமஸ் காக்கிடம் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று பின்தங்கி, நாலாவது செட்டிலும் 2-5 என்று தவித்தார். அங்கிருந்து மீண்டு அந்தச் செட்டை 7-5 என்றும், ஐந்தாவதை 6-2 என்றும் எடுத்தார். அவ்வளவு பாடுபட்டு எங்கே போனார்கள்? சவால் சுற்றுக்கு! ஆஸ்திரேலியா கோப்பையை வைத்துக்கொண்டு சொந்த ஊரில், மெல்போர்னில், ஓய்வாகக் காத்திருந்தது. 4-1 என்று ஜயித்தது. டேவிஸ் கோப்பையில் சவால் சுற்று 1972-ல் போயிற்று.

கம்ப்யூட்டர் போட்ட ஏணி

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 1973 ஆகஸ்டு 23-ந் தேதி ஒரு புது ஏணி வந்தது. அதுவரை எந்தப் போட்டிக்கு யாரை அழைப்பது என்பது போட்டி நடத்துகிறவர்களின் இஷ்டம். பேர் பெற்றவனுக்கு அழைப்பு வரும். பேர் இல்லாதவன் வாசலில் நிற்பான். அன்று முதல் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரிசை சொன்னது. முதல் படியில் ருமேனியாவின் ஈலி நஸ்தாஸே.

மனிதர்களின் ஓரவஞ்சனை போயிற்று. ஆனால் பழைய வியாதி போகவில்லை! அந்தக் கணக்கு சராசரிக் கணக்கு. ஒருவன் வருஷத்தில் வாங்கிய புள்ளிகளைக் கூட்டி, அவன் ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். குறைந்தது 12-ஆல் வகுக்கவேண்டும் என்பது விதி. இதன் விளைவு என்ன? 12 போட்டிகளில் நன்றாக ஆடிவிட்டவன் பதின்மூன்றாவதற்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றால் சராசரி விழும், படி இறங்கும். போகாமல் வீட்டிலிருந்தால் படி பத்திரம். மூட்டு வலியும் மாமியாரும் உலக ஏணியிலும் வந்துவிட்டார்கள்!

1990-ல்தான் இதை மாற்றினார்கள். சராசரியை விட்டுவிட்டு, சிறந்த 14 போட்டிகளின் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குமேல் எத்தனை ஆடித் தோற்றாலும் நஷ்டம் இல்லை. உடனே எல்லாரும் ஓடி ஓடி ஆடத் தொடங்கினார்கள். 'எங்களைப் பிழிகிறார்கள்' என்ற புகார் அதற்குப்பின் வந்த புகார்.

அழைப்பே வேண்டாம்

ஊர் கிளப்புகளிலும் பலர் ஏணியை மடக்கி வைத்துவிட்டு 'பெட்டி' முறைக்குப் போய்விட்டார்கள். ஐந்து அல்லது ஆறு பேரை ஒரு பெட்டியில் போடுவார்கள். ஒரு மாதத்துக்குள் அவர்கள் எல்லாரும் எல்லாரோடும் ஆடிவிடவேண்டும். முதலில் வருபவர் மேல் பெட்டிக்கு. கடைசியில் வருபவர் கீழ்ப் பெட்டிக்கு. யாரும் யாருக்கும் சவால் விடவேண்டியதில்லை. முகத்தைப் பார்த்து 'உன் படி எனக்கு வேண்டும்' என்று சொல்லவேண்டியதில்லை. பல இடங்களில் தோற்றாலும் வந்து ஆடியதற்காக ஒரு புள்ளி உண்டு.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. காரியதரிசிக்கும் நிம்மதி. இதற்கும் ஒரு படி மேலே போய், சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் ஆட்டக்காரர்களுக்கெல்லாம் ஒரு எண் கொடுக்கிறது. புதிதாக மட்டை பிடித்தவருக்கு 40. உலகத்து வல்லவர்களுக்கு 1. ஆட ஆட எண் குறையும், கூடும். பலகையும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம்.

ஆனாலும் ஏணி ஒழிந்துவிடவில்லை. பெட்டியில் மாதக் கடைசியில்தான் மாற்றம். நாற்பதிலிருந்து முப்பத்தொன்பதே முக்கால் ஆனால் யாருக்குத் தெரியப்போகிறது? ஏணியில் அப்படியல்ல. ஐந்தரை மணிக்கு ஆட்டம் முடிந்தால், ஐந்தே முக்காலுக்கு அட்டை இடம் மாறிவிடும். மாற்றுகிறவரும் பெரும்பாலும் ஜயித்தவர்தான். தோற்றவர் அப்போது பக்கத்தில் நின்று ஷூ லேஸைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

தாழ்வாரத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. ஏழாமவர் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார். இன்னும் ஏழில்தான் இருக்கிறார். கெடு முடிய நாலு நாள் பாக்கி. வானத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறார். மேகம் ஒன்றும் காணோம்.

அவர் போனபிறகு பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். கடைசிக் கொக்கியில், மை காயாத ஒரு புது அட்டை. அதைப் பார்க்கிறான். அங்கிருந்து மேல்நோக்கி விரலால் எண்ணுகிறான். பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு. அந்தப் பதினேழாவது பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு, "இவர் யார்?" என்று காரியதரிசியைக் கேட்கிறான்.

"நான்தான்" என்கிறார் காரியதரிசி.